ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி: ஏன் தவறவிடக் கூடாது?

எலும்பில் இடிப்பும் கட்டுமானமும் ஓயாமல் நடக்கின்றன. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், ‘ராங்க்-எல்’ என்ற புரதம் இடிக்கும் செல்களை முடுக்கிவிடுகிறது. டெனோசுமாப் ஊசி அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2009இல் வெளியான, இந்த ஊசியைச் சோதித்த ஃப்ரீடம் ஆய்வில் 7,868 பெண்கள் பங்கேற்றனர். ஊசி பெற்றவர்களுக்கு மூன்றாண்டில் புதிய முதுகெலும்பு முறிவுகள், போலி ஊசி பெற்றவர்களைவிட 68 சதவீதம் குறைந்தன.

புனேயில் உயிரியல் மருந்து ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் லூபின் மருந்து நிறுவனம், டெனோசுமாபின் பயோசிமிலரை (மூல மருந்தை ஒத்த உயிரியல் மருந்தை) மாதவிடாய் நின்ற இந்தியப் பெண்களிடம் அந்த மூல மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தது. முறிவுகளை எண்ணிப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். அதனால் கீழ்முதுகெலும்பின் அடர்த்தியை அளந்தார்கள். கெட்டிக்காரக் குறுக்குவழிதான்.

ஆனால் டெனோசுமாப் எலும்பில் தங்குவதில்லை. ஊசி தவறினால், அடங்கிக் கிடந்த செல்கள் ஒரேயடியாகக் கிளம்பி, சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால், எலும்பிலேயே ஒட்டிக்கொள்ளும் ஸோலெட்ரானிக் அமிலம் போன்றவற்றுக்கு மருத்துவர்கள் மாற்றுகிறார்கள்.