திசைகாட்டியும் கிப்லாவும்



தொழுகையின் நிபந்தனைகளுள் ஒன்று கிப்லாவை முன்னோக்குதல். தூத்துக்குடி, காயல்பட்டினம் போன்ற நமது கடற்கரை ஊர்களில் "மேற்கே பார்த்துத் தொழுகிறோம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து கஅபாவின் திசை நேர் மேற்கு அன்று; மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 23 பாகை சாய்ந்ததாகும். தொலைவில் இருப்போருக்கு அதன் பக்கத்தை முன்னோக்குவது போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபினரோ கஅபாவையே குறியாகக் கொள்ள வேண்டும் என்பர். எவ்வாறாயினும், மிஹ்ராப் அமைக்கும் நாளில் பலரும் கையில் எடுப்பது காம்பஸ் என்னும் திசைகாட்டியையே. அதன் ஊசி எதற்குக் கட்டுப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால்தான் அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும்.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600இல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதினார். ஆயினும் பூமியின் நடுவில் காந்தக் கட்டி ஏதும் புதைந்திருக்க இயலாது. இரும்பை 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதன் காந்தத் தன்மை போய்விடும். பூமியின் உட்கருவோ அதனினும் பன்மடங்கு வெப்பமானது. காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்புக் கடல் ஒன்று தொடங்குகிறது. அதற்கும் உள்ளே, சுமார் 5,150 கிலோமீட்டருக்குக் கீழே, கடும் அழுத்தத்தால் இறுகிய திண்ம இரும்புருண்டை உள்ளது. வெப்பம் வெளியேற வெளியேற உருகிய இரும்பு உலையரிசி போல் மேலும் கீழும் புரள்கிறது. பூமியின் சுழற்சி அந்தப் புரளலை முறுக்கிவிடுகிறது. மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் காந்தப் புலத்தினூடே நகர்ந்தால் மின்னோட்டம் பிறக்கும். அம்மின்னோட்டம் மீண்டும் காந்தப் புலத்தைப் பிறப்பிக்கும். தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் இந்த டைனமோவே பூமியின் காந்தத்திற்குக் காரணம்.

இக்காந்தப் புலம் விண்வெளிக்குள் பரந்து விரிந்து, சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்களில் பெரும்பாலானவற்றைத் திசைதிருப்பிவிடுகிறது. நமது கரைக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. காந்த ஊசி எப்பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படும். அது தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட்டுக்கு அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இக்கோட்டின் அண்மையால்தான். பகல் வேளையில் நம் தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகிறது. அதனை ஆராய்வதற்காக இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகத்தை நடத்தி வருகிறது.

உருகிய இரும்பு ஓயாமல் நகர்வதால் ஊசி காட்டும் வடக்கும் நிலையாக இராது. லண்டனில் 1580இல் அது உண்மை வடக்கிலிருந்து 11 பாகை கிழக்கே விலகி நின்றது; 1820 வாக்கில் 24 பாகை மேற்கே போய்விட்டது. தூத்துக்குடியில் இன்று விலகல் மேற்கே ஏறத்தாழ 2 பாகைதான். மக்காவில் காந்த ஊசி துல்லியமாக உண்மை வடக்கையே காட்டும் என்றும், இது அற்புதம் என்றும் சில மேடைகளில் முழங்கப்படுவதுண்டு. அது சரியன்று, அங்கும் ஊசி இன்று சில பாகைகள் கிழக்கே விலகியே நிற்கிறது. கஅபாவின் சிறப்புக்கு இத்தகைய ஆதாரமற்ற செய்திகள் தேவையில்லை.

இந்த 2 பாகையைவிடப் பெரிய பிழை நாமே ஏற்படுத்திக்கொள்வது. பூமியின் காந்தப் புலம் மிக மெலிந்தது; இங்கு சுமார் 40,000 நானோடெஸ்லா மட்டுமே. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தமே அதனினும் பன்மடங்கு வலிமையானது. பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்தபோது, கொலாபா காந்த ஆய்வகத்தின் அளவீடுகள் கெட்டுவிடும் என்பதால் 1904இல் அப்பணி அலிபாக்கிற்கு மாற்றப்பட்டது. நமது துறைமுகத்திற்கு வரும் இரும்புக் கப்பல்களிலும் கப்பலின் இரும்பால் ஏற்படும் பிழையை அளந்து அட்டவணையாக வைத்திருப்பார்கள். நாமோ கான்கிரீட் தூணருகே, கம்பி கட்டிய தளத்தின் மீது, கைப்பேசியை நீட்டிக் கிப்லாவை முடிவு செய்துவிடுகிறோம்! கட்டடத்துக்கும் வாகனங்களுக்கும் அப்பால் திறந்த வெளியில், இரண்டு மூன்று இடங்களில் அளந்து ஒப்பிட வேண்டும். கைப்பேசிச் செயலி உண்மை வடக்கைக் காட்டுகிறதா, காந்த வடக்கைக் காட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மை வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் நமக்குக் கிப்லா 293 பாகை; காந்த ஊசியின்படி 295.

காந்தமே தேவைப்படாத வழியும் ஒன்று உண்டு. ஆண்டுக்கு இருமுறை சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் வருகிறது: மே 28 அன்று இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16 அன்று 2.57க்கும். லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னதாக வரும். அந்நேரத்தில் திறந்த வெளியில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தரையில் விழும் அதன் நிழலின் மீது கோடு வரைய வேண்டும். நிழல் விழும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கம், அதாவது சூரியன் இருக்கும் பக்கம், கிப்லா.