ஆற்று மணலில் பொன்

கேரளத்தின் நிலம்பூர்ப் பகுதியில் சாலியாற்று மணலை அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இப்பொன்னை ஆறு உண்டாக்குவதில்லை. மலைப்பாறைகளின் பிளவுகளில் படிந்த குவார்ட்ஸ் நரம்புகளே அதன் பிறப்பிடம். நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் 1880ஆம் ஆண்டையொட்டி இலண்டன் கம்பெனிகள் தோண்டியதும் இத்தகைய நரம்புகளைத்தான். வெயிலும் மழையும் பாறையைச் சிதைக்க, விடுபட்ட பொன் துகள்கள் வெள்ளத்துடன் ஆற்றை அடைகின்றன.

பெருமணலிலிருந்து சிறு பொன் பிரிவது எவ்வாறு? பொன்னின் ஒப்படர்த்தி 19.3, குவார்ட்ஸ் மணலின் ஒப்படர்த்தி 2.65. நீரில் மூழ்கிய பொருள், தான் வெளியேற்றிய நீரின் எடையளவு எடை இழக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். எனவே நீருக்குள் இவ்விரண்டின் எடைகள் 18.3க்கு 1.65 என்ற விகிதத்தில் அமைகின்றன. அதாவது, ஒரே பருமனுள்ள மணலைவிடப் பொன் துகள் 11 மடங்கு கனக்கிறது! ஆகவே நீரோட்டம் தளரும் வளைவுகளின் உட்புறத்திலும் பாறை இடுக்குகளிலும் அது தங்கிவிடுகிறது. மாக்னடைட், இல்மனைட் போன்ற கனிமங்களாலான கருமணலும் அதனுடன் சேர்ந்திருக்கும். பொன் அரிப்போர் முதலில் கருமணலைத் தேடுவது இதனால்தான்.

இப்பொன் பத்தரை மாற்றுத் தங்கமா? இல்லை. இயற்கைப் பொன்னில் பெரும்பாலும் வெள்ளி கலந்திருக்கும். செம்பும் சிறிதளவு இருக்கலாம். பொன், வெள்ளி அணுக்கள் ஏறத்தாழ ஒரே அளவுள்ளவை. இரண்டின் படிக அமைப்பும் ஒன்றே. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று எளிதில் அமர்ந்துவிடுகிறது. வெள்ளி 20 சதவீதத்துக்கு மேற்பட்டால் அக்கலவை 'எலெக்ட்ரம்' எனப்படும். அதன் நிறம் வெளிறியிருக்கும்.

ஆற்றுப் பொன் துகளைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். பல துகள்களின் விளிம்பில், வெள்ளி மிகக் குறைந்த, தூய பொன்னாலான மெல்லிய உறை காணப்படுகிறது. நீண்ட காலம் நீரிலும் மண்ணிலும் கிடந்ததால் மேற்பரப்பு வெள்ளி கரைந்து போனது இதற்கு ஒரு காரணம். எனவே மேற்பரப்பை மட்டும் சோதித்தால் மாற்று கூடுதலாகத் தோன்றும். உருக்கிச் சோதித்தால்தான் உண்மை தெரியும். உறையின் உள்ளே இருக்கும் பகுதியோ பிறந்த பாறையின் முத்திரையை இழப்பதில்லை. அதிலுள்ள வெள்ளியின் அளவைக் கொண்டு, துகள் எந்த நரம்பிலிருந்து வந்தது என நிலவியலார் ஆராய்கின்றனர்.

நுண்துகள்களைத் திரட்டப் பாதரசம் பயன்படுவதும் உண்டு. அது பொன்னுடன் சேர்ந்து இரசக்கலவையாகிறது. அதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிவிடும், பொன் எஞ்சும். ஆனால் அந்த ஆவி மூளையையும் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. ஆற்றில் கலக்கும் பாதரசமோ, நுண்ணுயிர்களால் மெதில் பாதரசமாக மாறி, மீன் வழியே நம் உணவில் சேர்கிறது. இதைக் கட்டுப்படுத்தவே 2013இல் மினமாட்டா உடன்படிக்கை உருவாயிற்று. பொன்னைப் பிரிக்க நீரும் அதன் எடையும் உதவும்போது, குடிக்கும் ஆற்றில் நஞ்சைக் கலப்பானேன்?