கால் வலிக்கும் படகு

உழவனுக்கு ஏர் எப்படியோ, அப்படியே மீனவனுக்குத் துடுப்பு. ஏர் பிடித்த கை தளர்ந்தால் உழவன் வரப்பில் அமர்ந்து வேலை ஏவலாம். துடுப்பு வலித்த தோள் தளர்ந்தால் மீனவன் என்ன செய்வான்? வலையைச் சீர்செய்யலாம், பேரப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளலாம், பிறர் கொண்டுவரும் மீனைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூன்று ஆண்டுகள் இப்படித்தான் கழிந்தன. அதன்பின் அந்த வீட்டில் நிகழ்ந்ததை, குடும்பத்தாரின் இசைவோடு, பெயர் குறிப்பிடாமல் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான் கடலோடு கலக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது, தென்முனை நம்முடையது. ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல், மேற்கே சற்றுத் தொலைவில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். இவ்வட்டார மீனவர் வீடுகளில் தந்தை படகிலும் மகன் தொழிற்சாலையிலுமாக வாழ்க்கை இரண்டாகப் பிரிந்து நிற்பது இன்று புதுமையன்று. நாம் சொல்ல வந்த குடும்பமும் அத்தகையதே.

பெரியவருக்கு வயது அறுபத்தாறு. பன்னிரண்டு வயதில் கட்டுமரம் ஏறியவர். ஒருநாள் அவருடைய வலத்தோள் மேலே எழ மறுத்தது. துடுப்பும் வலையிழுப்பும் இனி வேண்டாம் என்றார் மருத்துவர். மகன் தொழிற்பேட்டையில் முறைவேலை பார்ப்பவர். நண்பர் ஒருவரிடம் கண்டு ஆசைப்பட்டு, தன் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்கென்று ஒரு புதிய படகைத் தவணையில் வாங்கி வந்தார். காலால் மிதித்து ஓட்டும் காயக் என்னும் சிறு படகு அது. விலை ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் குறையாது. “வீட்டில் தையல் எந்திரம் கேட்டேன், தண்ணீரில் மிதிக்க ஒன்று வந்திருக்கிறது” என்று அம்மையார் முணுமுணுத்தாராம்.

பெரியவர் அதைச் சுற்றி வந்தார். கையால் தட்டிப் பார்த்தார். “இன்னாப்பா இது, பிளாஸ்டிக்கில் மரமா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது பின்னரே விளங்கிற்று.

படகின் அமைப்பு

காயக் என்பது வடதுருவத்தை ஒட்டிய பனிநாட்டு மக்கள் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு. இன்று மீன்பிடிக்க விற்கப்படுபவை பெரும்பாலும் பாலிஎதிலீன் என்னும் நெகிழியை அச்சில் வார்த்து உருவாக்கப்பட்டவை. அமர்பவர் படகின் உள்ளே அன்றி அதன் மேலே அமர்கிறார். உடல் முழுவதும் மூடிய கூடு, உள்ளே காற்று. மேல்தளத்திலிருந்து அடிப்புறம் வரை சில துளைகள் ஊடுருவிச் செல்கின்றன. அலை மேலே ஏறினால் அந்தத் துளைகளின் வழியே நீர் தானாகவே இறங்கிவிடும், இறைக்க வேண்டியதில்லை.

மிதிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மிதிவண்டி போலக் கால்களைச் சுழற்றினால் அடியிலுள்ள சிறு சுழலி திரும்பும். பின்னோக்கி மிதித்தால் படகும் பின்னோக்கி வரும். மற்றொன்றில் கால்களை மாற்றி மாற்றி முன்னே தள்ளினால், அடியிலுள்ள இரு துடுப்புச் சிறகுகள் பக்கவாட்டில் வீசி நீரைப் பின்னே தள்ளும். பென்குவின் பறவை நீரில் சிறகடிப்பதை ஒத்த இம்முறையை அமெரிக்காவின் ஹோபி நிறுவனம் 1997-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வீட்டுக்கு வந்த படகு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. திசை திருப்பப் பின்புறம் ஒரு சுக்கான். அதை இருக்கையின் பக்கத்திலுள்ள சிறு பிடியால் இடக்கை இயக்கும். வலக்கைக்குத் தூண்டிலைத் தவிர வேறு வேலையில்லை.

காலால் படகு செலுத்துவது கீழ்நாட்டுக்குப் புதிதன்று. மியான்மரின் இன்லே ஏரியில் இந்தா என்னும் மக்கள் படகின் முனையில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலைத் துடுப்பைச் சுற்றி வளைத்து வலிப்பார்கள். நின்று வலிப்பதால் நீர்ச் செடிகளுக்கு அப்பால் வழி தெரியும்; இரு கைகளும் வலைக்குக் கிடைக்கும். தேவை ஒன்றாக இருந்தால் மனித அறிவு வெவ்வேறு கரைகளில் ஒரே வாயிலைத் தட்டும் போலும்!

பழகிய உடலும் புதிய இருக்கையும்

முதலில் மகன் ஏறினார். பத்து நிமிடத்தில் அடியிலிருந்து ஒரு முட்டல். ஏரி பல இடங்களில் முழங்கால் அளவே ஆழம். சிறகுகள் மணலில் குத்தி நின்றன. ஆழம் குறையும் இடத்தில் ஒரு மிதியை முன்னே தள்ளி நிறுத்தினால், சிறகுகள் இரண்டும் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும். கரை சேரும்போதும் அப்படியே செய்ய வேண்டும். இதை அவர் படித்திருந்தார். ஆயினும் படித்தது காலுக்கு எட்டவில்லை. அடுத்த தவறு சுக்கானில். படகு மெல்லத்தான் திரும்பும். பொறுமையின்றிப் பிடியை முழுதும் தள்ளினால் வேண்டியதற்கு மேல் திரும்பிவிடும். மறுபுறம் தள்ளினால் அதுவும் மிகும். அன்று அவர் சென்ற வழி பாம்பு ஊர்ந்த தடம் போலிருந்தது.

பெரியவர் இரண்டு வாரம் கரையில் நின்று பார்த்தார். மூன்றாம் வாரம், “தள்ளு, நான் பார்க்கிறேன்” என்றார். அம்மையார் தடுத்தார், மகன் தயங்கினார். இடுப்பளவு நீரில் மகன் படகைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க, பெரியவர் ஏறினார்.

ஏறியதும் முழங்காலிட்டு அமர்ந்தார். ஐம்பது ஆண்டுகளாகக் கட்டுமரத்தில் அப்படித்தானே அமர்ந்திருக்கிறார்! ஆனால் ஒடுங்கிய அச்சிறு படகில் எடை உயர உயரத் தள்ளாட்டம் மிகும். முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தாழ அமர வேண்டும். “நாற்காலியில் உட்கார்ந்து மீன் பிடிக்கச் சொல்கிறாயா?” என்று வெட்கப்பட்டார். அமர்ந்த பின்னரும் கைகள் இல்லாத துடுப்பைத் தேடின. காற்று சற்றுத் தள்ளியதும் வலத்தோள் தன்னையறியாமல் எழும்ப முயன்றது. வலி சுள்ளென்று நினைவூட்டிற்று. “கை சும்மா இருக்கக் கற்றுக்கொள்வதுதான் பெரிய பாடு” என்று அவர் நம்மிடம் கூறினார்.

இருக்கையின் அளவும் முக்கியம். மிதியை முழுதும் தள்ளிய நிலையிலும் முழங்கால் சிறிது மடிந்தே இருக்க வேண்டும். நெருங்கி அமர்ந்தால் முழங்கால் நோகும். விலகி அமர்ந்தால் இடுப்பு நோகும். இரண்டும் சரியாக அமைந்த பின்பும் முதல் வாரத்தில் தொடைகள் நோகத்தான் செய்யும். துடுப்பு வலித்தல் என்று நம் மொழி சொல்வதில் இரு பொருளும் இருக்கிறதல்லவா? கை வலித்த படகு போய்க் கால் வலிக்கும் படகு வந்தது என்று வீட்டில் சிரித்தார்கள்.

மரத்தின் உறவு

நான்காம் வாரம் பெரியவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். சிற்றலை ஒன்று தளத்தின் மேல் ஏறிற்று. ஃபைபர் படகிலென்றால் உடனே இறைக்கக் கை நீளும். இங்கோ நீர் துளைகளின் வழியே இறங்கிப் போயிற்று. கட்டுமரத்திலும் இப்படித்தான். கயிற்றால் பிணைத்த மரங்களின் இடுக்கில் அலைநீர் ஏறும், இறங்கும், மரம் நீரைச் சிறைப்பிடிக்காது, ஆகவே மூழ்காது. “தம்பி, இது படகு இல்லை; மரந்தான்” என்று கரையை நோக்கிக் குரல் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு அச்சம் நீங்கியது.

நீங்கியது சற்று மிகுதியாகவே நீங்கிவிட்டது என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டிற்று. மூடிய கூட்டினுள் கசியும் நீரை வடிக்கப் பின்முனையில் திருகும் அடைப்பான் ஒன்று உண்டு. ஒரு காலை அதை இறுக்க மறந்து படகை நீரில் தள்ளினார்கள். அரைமணி நேரத்தில் படகு சோம்பியது. திரும்பினால் ஒரு பக்கமே சாய்ந்தது. உள்ளே புகுந்த நீர் சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை மிகுவிக்கும். கவிழ்வதற்கு அதுவே வழி. கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில், “பின்பக்கம் கனக்கிறது” என்று பெரியவரின் முதுகு முதலில் உணர்ந்தது. உடனே கரைக்குத் திரும்பினார். படகைச் சாய்த்தபோது குடம் குடமாக நீர் கொட்டிற்று.

வெட்டிப் பிளந்தாலும் மிதக்கும் கட்டுமரம். கூட்டில் ஒரு விரிசல் விழுந்தால் காயக் அமைதியாக நிரம்பும். ஆகவே உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மகனின் ஏட்டறிவு அடைப்பானை மறந்தது. தந்தையின் உடலறிவு ஆபத்தை அறிந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் படகு பாதுகாப்பானது என்று அன்று அவ்வீட்டார் கற்றார்கள். இப்போது அடைப்பானைத் தந்தை ஒருமுறை, மகன் ஒருமுறை என்று இருவரும் தொட்டுப் பார்த்த பின்னரே படகு நீரில் இறங்குகிறது.

முன்னும் நடந்ததே

நம் கரையில் புதிய கலம் வந்து பழகிய கதை இது முதன்முறையன்று. கட்டுமரம் என்னும் நம் சொல்லையே உலகம் கட்டமரன் என்று எடுத்துக்கொண்டது; ஆனால் அப்பெயரை இரட்டை உடல் படகுக்குச் சூட்டிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியால் முட்டத்தில் படகு கட்டும் தளம் உருவாயிற்று. பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே அங்கே மீனவரோடு உழைத்து, ஒட்டுப்பலகைப் படகுகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவர முயன்றார். அம்முயற்சியின் வேதனைகளையும் வெற்றியையும் 1985-இல் ஆங்கில நூலாக எழுதினார். சிறியதே கடினம் என்பது அதன் தலைப்பின் பொருள். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டமும் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி, அலை மோதும் திறந்த கரையில் இறங்கக்கூடிய படகுகளை ஆராய்ந்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எண்ணற்ற கட்டுமரங்களை வாரிச் சென்றது. உதவிக்கு வந்தவர்கள் ஃபைபர் படகுகளை வழங்கினார்கள். எந்திரம் பொருத்திய அப்படகுகள் விரைவும் தொலைவும் தந்தன. கூடவே எரிபொருள் செலவையும் கடனையும் தந்தன. மேலும் ஒன்று: முதியவர் தனியே சென்று சிறிது மீனோடு திரும்பும் சிறு தொழிலுக்கு அவற்றில் இடம் குறைந்தது. புதிய கலம் வரும்போது அது யாரை ஏற்றிக்கொள்கிறது என்பதோடு, யாரைக் கரையில் விட்டுச் செல்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

எல்லை அறிதல்

இதைப் படித்துவிட்டு எல்லோரும் காயக் வாங்க ஓட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இது வலைத்தொழிலுக்கு ஈடாகாது. கூடையளவு மீனைத்தான் சுமக்கும். நீர்ச்செடியும் அறுந்த வலைத் துண்டும் சிறகில் சிக்கும். பலத்த காற்றை எதிர்த்து மிதித்தால் கால் சோரும். ஆதலால் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றின் துணையோடு வருவதே அறிவுடைமை. பழவேற்காட்டு ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலைகட்டலாம் என்று ஊர்கள் முறைவைத்துப் பகிரும் பாடு என்னும் மரபு உண்டு. தூண்டில்காரர் அவ்விடங்களை விட்டு விலகியே இருக்க வேண்டும். இந்தப் பெரியவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவ்வீட்டில் இப்போது சில விதிகள் உள்ளன. மிதவைச் சட்டை அணியாமல் ஏறுவதில்லை. தனியே போவதில்லை, கூப்பிடு தொலைவில் வேறொரு படகு இருக்க வேண்டும். கழுத்தில் ஒரு ஊதல். அவசரத்துக்கு ஒரு கைத்துடுப்பு. கவிழ்ந்தால் திருப்பி மறுபடி ஏறும் வித்தையை ஆழமற்ற நீரில் பலமுறை பழகியாயிற்று. ஒற்றைத் தோளால் ஏறுவது கடினம் என்பதால், பக்கத்தில் காலூன்றிக்கொள்ள மகன் ஒரு கயிற்றுப்படி கட்டியிருக்கிறார். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போவதே இல்லை. இந்தக் கடைசி விதி தந்தை இட்டது, மகனுக்கும் சேர்த்து.

நாம் சென்ற காலையில் பெரியவர் கரை திரும்பிய வேளை. கூடையில் நான்கு கிழங்கானும் ஒரு சிறு கொடுவாவும் இருந்தன. சந்தைக்கு அது கணக்கல்ல. அம்மையார் கூடையை வாங்கி எட்டிப் பார்த்து, “குழம்புக்கு ஆகும்” என்றார். மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டில் மீன் காசு கொடுத்து வாங்கப்பட்டது. அவ்வொரு சொல்லைக் கேட்டதும் பெரியவரின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

நம் இல்லங்களிலும் தோள் தளர்ந்த தந்தையர் இருக்கிறார்கள். “நீங்கள் சும்மா இருங்கள்” என்று அன்போடுதான் சொல்கிறோம். அந்த அன்பு சில வேளைகளில் அவர்களைக் கரையிலேயே கட்டிப்போட்டுவிடுகிறது. கை ஓய்ந்தவருக்குக் காலில் இன்னும் வலு இருக்கலாம்; காலும் ஓய்ந்தவருக்குக் கண்ணிலும் நாவிலும் அறிவு இருக்கலாம். எது மீதியிருக்கிறது என்று அவர்களிடமே கேட்போம். தள்ளிவிடவும், கூடவே சற்று நடக்கவும் மட்டும் நாம் அருகில் இருந்தால் போதும்.