பெங்களூரில் புது வேலையா? வீட்டு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. நோட்டீஸ் பீரியட் முடியப்போகிறது. அடுத்த திங்கட்கிழமை பெங்களூரில் ஜாயினிங். சென்னை, கோவை, மதுரை என எங்கிருந்து கிளம்பினாலும் பலரும் செய்யும் முதல் வேலை, போனிலேயே வீடு தேடுவது. நாலு போட்டோ பார்த்ததும் பிடித்துவிடும். "இன்னைக்கு சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாங்க சார்" என்பார் புரோக்கர். அவ்வளவுதான், டோக்கன் அட்வான்ஸ் யுபிஐ-யில் பறந்துவிடும்.

அவசரம் வேண்டாம். பெங்களூரில் கையைக் கடிப்பது மாத வாடகை அல்ல, அட்வான்ஸ். முதல் 2 வாரம் எந்த அக்ரிமென்ட்டிலும் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை குறைந்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

முதல் மாதம் எவ்வளவு பணம் வேண்டும்?

ஒரு காலத்தில் பெங்களூரில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கமாக இருந்தது. இப்போது 5, 6 மாதத்துக்குப் பல வீடுகள் கிடைக்கின்றன. 2 அல்லது 3 மாதத்துக்கு ஒப்புக்கொள்ளும் ஓனர்களும் உண்டு. பேசிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

உதாரணத்துக்கு, மாத வாடகை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 மாத அட்வான்ஸ் 1,25,000. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, 25,000. முதல் மாத வாடகை 25,000. ஆக, சாவி கைக்கு வரும்போதே 1,75,000 ரூபாய் போயிருக்கும். கட்டில், கேஸ், ஃபிரிட்ஜ் எல்லாம் தனி. மாத நடுவில் சேர்ந்தால், பே-ரோல் கட்-ஆஃப் தேதியைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி முதல் சம்பளமே அடுத்த மாதக் கடைசியில்தான் வரலாம். எனவே சம்பளத் தேதியை எச்.ஆரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கம்பெனி ரீலொகேஷன் அலவன்ஸ் தருகிறதா? அப்படியென்றால் 2 கேள்விகள் முக்கியம். பணத்தை முன்னாலேயே தருவார்களா, பில் கொடுத்த பிறகா? ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்களா?

முதல் 2 வாரம் எங்கே தங்குவது?

கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு பிஜி. வசதி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த 2 வாரம் வீடு தேடத்தான்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஆபீஸ் உள்ளவர்கள் சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டாம். கே.ஆர்.புரத்தில் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறினால், இறங்கிய இடத்துக்கு அருகிலேயே பர்ப்பிள் லைன் மெட்ரோ. விமானத்தில் வருபவர்களுக்கு ஒரு விஷயம்: ஏர்போர்ட் இருப்பது ஊருக்கு வெளியே, தேவனஹள்ளியில். சிட்டிக்குள் வர பி.எம்.டி.சி-யின் வாயு வஜ்ரா ஏ.சி. பஸ்கள் உண்டு. ஒருநாள் மீட்டிங்குக்காக வருபவர்கள், மீட்டிங் நடக்கும் ஏரியாவிலேயே ரூம் போடுவது நல்லது. ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போவதற்குள் பாதி நாள் போய்விடும்.

எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது?

மேப்பில் கிலோமீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனால் ரோடு காலியாக இருக்கும். அதே ரோட்டில் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு ஒருமுறை ஆபீஸ் போய்ப் பாருங்கள். அந்த அரை நாள் சோதனைதான் அடுத்த 11 மாதத்துக்கான நிம்மதி.

மெட்ரோ இருக்கும் பாதையில் வீடு எடுத்தால் டிராஃபிக் கவலை குறையும். செல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு (காடுகோடி) வரை செல்லும் பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆர்.வி.ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான யெல்லோ லைன் 2025 ஆகஸ்ட்டில் வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆர்.வி.ரோட்டில் கிரீன் லைனுக்கும், மெஜஸ்டிக்கில் கிரீன் லைனிலிருந்து பர்ப்பிள் லைனுக்கும் மாறலாம்.

ஓசூரில் வீடு எடுத்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் போய்வருபவர்களும் இருக்கிறார்கள். இதையும் முடிவெடுக்கும் முன் ஒரு வேலை நாளில் போய் வந்து பாருங்கள்.

வீட்டில் என்னென்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி தண்ணீர். "காவிரித் தண்ணியா, போர்வெல்லா, டேங்கரா?" என்று நேரடியாகக் கேளுங்கள். 2024 கோடையில் பெங்களூரில் ஏற்பட்ட தண்ணீர்த் தட்டுப்பாட்டில் டேங்கரை நம்பியிருந்த அபார்ட்மென்ட்டுகள் திணறின. ஓனர் சொல்வதோடு நிறுத்தாமல், மாடியில் குடியிருப்பவரிடமோ வாட்ச்மேனிடமோ "ஏப்ரல், மே மாசம் எப்படி?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து மெயின்டெனன்ஸ். வாடகையோடு சேர்த்தா, தனியா? டேங்கர் செலவு அதில் அடங்குமா? மூன்றாவது கரன்ட் பில். கர்நாடக அரசின் 'கிருஹ ஜோதி' திட்டத்தில் வீடுகளுக்கு 200 யூனிட் வரை கட்டணச் சலுகை உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் முந்தைய சராசரிப் பயன்பாட்டை வைத்து அளவு நிர்ணயிக்கப்படும். வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால், முன்பு குடியிருந்தவரின் ஆதார் இணைப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். குடியேறும் முன்பே ஓனரிடம் கேட்டு வையுங்கள்.

அக்ரிமென்ட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏன் எல்லோரும் 11 மாதத்துக்கே எழுதுகிறார்கள்? பதிவுச் சட்டம் 1908-ன்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்த 11 மாதக் கணக்கு.

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், வீடுகளுக்கு 2 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால், மாநிலங்கள் தாங்களாக ஏற்றுக்கொண்டால்தான் அது அமலுக்கு வரும். அதை நம்பி பெங்களூரில் ஓனரிடம் வாதாட முடியாது. உங்களுக்குக் காவல், உங்கள் அக்ரிமென்ட்தான். அதில் பார்க்க வேண்டியவை:

• பெயிண்டிங்: காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்காகப் பிடிப்பது இங்கே வழக்கம். எவ்வளவு என்று எழுத்தில் இருக்கட்டும். "ஆகும் செலவு" என்று மொட்டையாக எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

• லாக்-இன்: 6 மாதத்துக்குள் காலி செய்தால் அட்வான்ஸில் பிடித்தம் உண்டா? டிரான்ஸ்ஃபரோ, வேலை இழப்போ வந்தால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

• திருப்பித் தரும் நாள்: "சாவி ஒப்படைக்கும் அன்றே மீதி அட்வான்ஸ்" என்ற வரி இருக்க வேண்டும். "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்ற பேச்சுக்கு இடம் தராதீங்க.

• ஓனர் யார்: சொத்து வரி ரசீதிலும் கரன்ட் பில்லிலும் உள்ள பெயரைச் சரிபாருங்கள். அட்வான்ஸை அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். புரோக்கரின் யுபிஐ-க்கு அல்ல.

குடியேறும் நாளில் சுவர், குழாய், ஸ்விட்ச் என எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னால் பேச்சு வந்தால் தேதியோடு சாட்சி இருக்கும்.

'லீஸ்' வீடு லாபமா?

நம்ம ஊரில் போக்கியம், ஒத்தி என்பதைத்தான் பெங்களூரில் 'லீஸ்' என்கிறார்கள். பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால், ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதையே உங்களிடம் லீஸுக்கு விட்டு, சில மாதம் கழித்து ஓனருக்கு வாடகை கட்டாமல் காணாமல் போகும் இடைத்தரகர்கள் உண்டு. ஓனரோடு நேரடியாக எழுதாத லீஸ் வேண்டவே வேண்டாம். புதிதாக ஊருக்கு வருபவர்கள் முதல் வருஷம் வாடகையில் இருப்பதே பாதுகாப்பு.

வரி, வண்டி

பழைய வரி முறையில் இருப்பவர்கள்தான் எச்.ஆர்.ஏ. சலுகை கேட்க முடியும். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தேவை. பிறகு கேட்டால் சிலர் தயங்குவார்கள், எனவே அட்வான்ஸ் பேசும்போதே கேட்டுவிடுங்கள். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் வாடகை கொடுப்பவரே 2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வண்டியைக் கொண்டுபோகலாம். மோட்டார் வாகனச் சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ-வின் தடையில்லாச் சான்று தேவை. ஆர்.சி., இன்ஷூரன்ஸ் மட்டுமல்ல, வண்டியை எப்போது கொண்டுபோனீர்கள் என்பதற்கான ஆதாரத்தையும் பத்திரமாக வையுங்கள். ரயிலில் அனுப்பிய ரசீதோ, டோல் ரசீதோ போதும்.

கன்னடம் தெரியாதே?

அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ் காதில் விழும். அதற்காக எல்லா இடத்திலும் தமிழிலேயே ஆரம்பிக்காதீங்க. எஷ்டு (எவ்வளவு), எல்லிதெ (எங்கே இருக்கு), பேகு (வேணும்), பேடா (வேண்டாம்), ஸ்வல்ப (கொஞ்சம்): இந்த 5 வார்த்தைகளோடு "கன்னட கலீத்தா இத்தீனி" (கன்னடம் கத்துக்கிட்டு இருக்கேன்) என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரரும் சரி, வீட்டு ஓனரும் சரி, முகம் மாறிப் பேசுவார்கள்.

கடைசியாக ஒன்று. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் போகும் தேதியை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். வீட்டைத்தான் நிதானமாகத் தேட வேண்டும். டிக்கெட்டுக்கு அந்த நிதானம் ஆகாது!