கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்க நம் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளில் பச்சைத் தோலைக் கழுவுவது, சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்வது, கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்வது ஆகியவை காலங்காலமாகப் பெரும்பாலும் நம் மக்களின் வேலையாகவே இருந்து வருகின்றன. எந்த ரசாயனத்தை எவ்வளவு போடுவது, கழிவு எங்கே போவது என்று முடிவு செய்யும் நாற்காலி வேறு ஒருவருடையது. அந்த நாற்காலிக்குப் போகும் வழிகளில் ஒன்று கெமிக்கல் இன்ஜினீயரிங் என்னும் வேதிப்பொறியியல் பட்டப்படிப்பு.

தோலில் முடி நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவோடு அமிலம் கலந்த கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். இறங்குகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்தப் பணம் உயிர் போன பிறகு வருவது. உயிர் போகாமல் தடுக்கும் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் நம் தெருவிலும் வேண்டும்.

என்ன படிப்பு இது?

வேதியியல் நன்றாக வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் கணிதமும் இயற்பியலும்தான் அதிகம். நான்கு ஆண்டுகள், எட்டு செமஸ்டர். முதலாண்டில் எல்லா இன்ஜினீயரிங் மாணவர்களையும் போலக் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் நிரல். பிறகு பொருள்–ஆற்றல் கணக்கு, திரவங்களின் ஓட்டம், வெப்பம் கடத்தல், வெப்ப இயக்கவியல், பொருள்களைப் பிரித்தெடுத்தல், வேதிவினைக் கலன் வடிவமைப்பு, ஆலைக் கட்டுப்பாடு, பாதுகாப்பு. இடையில் ஆலைப் பயிற்சி, கடைசியில் புராஜெக்ட்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒரு எளிய கணக்கு: உள்ளே போன பொருள் வெளியே வர வேண்டும், வராவிட்டால் உள்ளே தங்கியிருக்க வேண்டும். வழக்கமான குரோம் பதனிடுதலில் போட்ட குரோமியத்தில் சுமார் 60 முதல் 70 விழுக்காட்டைத்தான் தோல் ஏற்கும். மீதி எங்கே போனது? இந்தக் கேள்வியைத்தான் இந்தப் படிப்பு கேட்கிறது. நம் ஊர்க் கிணற்றைப் பார்த்து நாம் கேட்பதும் அதே கேள்விதான்.

கதவு பதினோராம் வகுப்பில் இருக்கிறது

நம் பிள்ளைகள் பலர் கவுன்சலிங்குக்கு முன்பே, பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப் எடுக்கும்போதே, வெளியே நின்றுவிடுகிறார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள குரூப் வேண்டும். "உனக்குக் கணக்கு வராது" என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். பெற்றோர் பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் இந்த மூன்று பாடங்களின் சராசரி, எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. மாணவர்களுக்கு 40 விழுக்காடு இருந்தால் விண்ணப்பிக்கலாம். ரேங்க் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மதிப்பெண் முழுதாகச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சேரும். கணிதம் 80, இயற்பியல் 70, வேதியியல் 76 என்றால் 80 + 35 + 38, மொத்தம் 153. கணிதத்தில் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் மற்ற பாடங்களில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம்.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவர்களுக்கும் வழி உண்டு. டிப்ளமோ முடித்துப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

இடமும் கட்டணமும்

பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடம்; அதில் 3 விழுக்காடு, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியருக்கு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களும் இதில் வருவார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது.

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருவதால், ஆதார் இணைத்த கணக்கை முன்பே தொடங்கிவிட வேண்டும். வருமானம் அதற்கு மேல் இருந்து, வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால், வருமான வரம்பு இல்லாத முதல் பட்டதாரிச் சலுகையைக் கேளுங்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகள் இட ஒதுக்கீட்டில் பி.சி. பட்டியலில் வந்தாலும், ஆதிதிராவிடர் நலத் துறையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. ரிசல்ட் வந்த மறுநாளே சிலர் தெருவுக்கு வருவார்கள். "கவுன்சலிங் எதற்கு, சீட் நாங்களே வாங்கித் தருகிறோம், பணமே கட்ட வேண்டாம்" என்பார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. அது தெரியவரும்போது செமஸ்டர் தொடங்கியிருக்கும், சான்றிதழ்கள் கல்லூரியின் கையில் இருக்கும். கவுன்சலிங் வழியாக மட்டுமே சேருங்கள். பதிவுக் கட்டணம் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பாதிதான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் அரசு அமைத்துள்ள உதவி மையங்களில் விண்ணப்பிக்கலாம்.

எங்கே படிக்கலாம்?

சென்னை கிண்டியில் 1944இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி இத்துறையில் பழமையானது. தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பல தனியார் கல்லூரிகளிலும் வேதிப்பொறியியல் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் தேர்வும், சென்னை ஐ.ஐ.டி.க்கு அதற்கு மேல் அட்வான்ஸ்டு தேர்வும் எழுத வேண்டும். அந்த இரண்டிலும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை.

பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் இரண்டு செமஸ்டர் கஷ்டமாக இருக்கும். அரியர் விழுந்தால் அவமானம் என்று படிப்பை விட்டுவிடக் கூடாது. அடுத்த செமஸ்டரில் எழுதித் தேறலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை மூன்று. சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்துங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் எந்தக் குரூப் எடுக்கப் போகிறது என்று கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். மே மாதத்தில் அலைந்து திரியும்போது தாலுகா அலுவலகம் யாருக்காகவும் காத்திருக்காது.