இசையைப் பொதுவில் வைத்த நூலகம்

நெல்லும் பொன்னும் பிறருக்குக் கொடுத்தால் கொடுத்தவரிடம் குறையும். இசை அத்தகையதன்று. ஒரு பாடலைக் கற்பித்தவர் அதனை இழப்பதில்லை. கற்றவரோ அதனைப் பெற்றுவிடுகிறார். பாடுவோர் பெருகினால் பாடல் வாழும். பாடுவோர் அற்றுப்போனால் பாடலும் மறையும். இவ்வுண்மையை உணர்ந்த மாணவர் ஒருவர் இணையத்தில் எழுப்பிய இசை நூலகத்தின் வரலாறு, இசையைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் அன்பர்கள் அனைவரும் அறியத்தக்கதாகும்.

ஏட்டில் வாழும் இசை

நம் நாட்டில் இசை பெரும்பாலும் குருவின் வாய்மொழி கேட்டுப் பயிலப்படுவது. மேலை நாட்டுச் செவ்வியல் இசையோ தாளில் எழுதப்பட்டு வாழ்வது. பல கருவிகள் ஒருங்கே ஒலிக்க வேண்டுவதால், எக்கருவி எவ்விடத்தில் எச்சுரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை இயற்றியவரே குறித்து வைப்பார். அக்குறிப்பேடு கையில் இல்லையேல் மாணவர் அதனை வாசித்துப் பழக இயலாது.

பாக் 1750-ஆம் ஆண்டிலும், பீத்தோவன் 1827-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். அவர்தம் படைப்புகளுக்கு இன்று எவரும் தனியுரிமை கொண்டாட இயலாது. எனினும், அவற்றின் அச்சுப் பிரதிகளை விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. பதிப்பு நின்றுபோன பழைய நூல்களோ பெரிய நூலகங்களின் அலமாரிகளில் மட்டுமே கிடைத்தன. உரிமை பொதுவாகியும் பயன் பொதுவாகவில்லை என்பதே அன்றைய நிலை.

மாணவர் இட்ட வித்து

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் பயின்றுவந்த எட்வர்ட் குவோ, 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் ‘பன்னாட்டு இசைக்குறிப்பு நூலகத் திட்டம்’ என்னும் இணையதளத்தைத் தொடங்கினார். இதற்குப் ‘பெட்ருச்சி இசை நூலகம்’ என்னும் பெயரும் உண்டு. 1501-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் பல குரல் இசை நூலை அச்சிட்டு வெளியிட்ட முன்னோடியான ஒட்டாவியானோ பெட்ருச்சியின் நினைவாக அமைந்த பெயர் அது.

இத்தளம் ‘மீடியாவிக்கி’ என்னும் மென்பொருளால் இயங்குகிறது. விக்கிப்பீடியா கலைக்களஞ்சியம் இயங்குவதும் இதனாலேயே. இது திறந்த மூல மென்பொருள் வகையைச் சார்ந்தது. அதாவது, இதன் ஆக்க நெறி மறைக்கப்படாமல் அனைவர் பார்வைக்கும் வைக்கப்பட்டுள்ளது. யாரும் விலையின்றிப் பெறலாம். தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம்.

மென்பொருளைப் போன்றே நூலகத்தின் கதவும் திறந்திருந்தது. உரிமைக் காலம் முடிந்த பழைய இசை நூலைத் தம்மிடம் வைத்திருப்பவர் அதன் பக்கங்களை ஸ்கேன் செய்து, இயற்றியவர் பெயர், பதிப்பகம், பதிப்பாண்டு ஆகியவற்றுடன் சேர்ப்பார். மற்றொருவர் பிழை திருத்துவார். 1851 முதல் 1899 வரை ஜெர்மனியில் தொகுதி தொகுதியாக வெளிவந்த பாக் இசைப் படைப்புகளின் பெருந்தொகுப்பு, 2008-ஆம் ஆண்டு நவம்பரில் முழுமையாக இந்நூலகத்தில் இடம்பெற்றது தன்னார்வலர்களின் கூட்டு உழைப்பால் விளைந்ததே ஆகும்.

மூடிய கதவும் திறந்த வழியும்

இந்நற்பணிக்கு 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் பெருஞ்சோதனை நேர்ந்தது. ஆஸ்திரிய நாட்டு இசைப் பதிப்பகமான யுனிவர்சல் எடிஷன், ஐரோப்பாவில் உரிமைக் காலம் முடியாத படைப்புகள் இத்தளம் வழியே அங்குள்ளோருக்குக் கிடைக்கின்றன என்று வழக்கறிஞர் வாயிலாக எச்சரிக்கை மடல் அனுப்பியது.

தளத்தின் சர்வர் கணினிகள் கனடாவில் இருந்தன. அக்காலத்தில் கனடா நாட்டுச் சட்டப்படி இயற்றியவர் மறைந்து 50 ஆண்டுகள் வரையிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டுகள் வரையிலும் பதிப்புரிமை நீடித்தது. 1945-ஆம் ஆண்டில் மறைந்த பேலா பார்டோக் என்னும் இசை மேதையின் படைப்புகள் கனடாவில் 1996 முதல் பொதுவுடைமை; ஐரோப்பாவிலோ 2016-இல்தான் அந்நிலையை எய்தின. ஒரே ஏடு ஒரு நாட்டில் அனைவர்க்கும் உரியது, மற்றொரு நாட்டில் ஒருவர்க்கே உரியது என்னும் இச்சிக்கலை எதிர்த்து வழக்காடும் வலிமை ஒரு மாணவருக்கு ஏது? 2007 அக்டோபர் 19-ஆம் நாள் நூலகம் மூடப்பட்டது.

எனினும் ஆர்வலர்கள் சோர்ந்துவிடவில்லை. கருத்தாலும் சட்ட அறிவாலும் பலர் துணை நின்றனர். 2008 ஜூன் 30-ஆம் நாள் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. ஒவ்வோர் ஏடும் கனடா, அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் சட்டப்படி எந்நிலையில் உள்ளது எனத் தன்னார்வலர்கள் ஆராய்ந்து குறிக்கும் முறை வேரூன்றியது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவும் தன் உரிமைக் காலத்தை 70 ஆண்டுகளாக நீட்டியது. ஆயினும் அதற்கு முன்னரே பொதுவாகிவிட்டவை பொதுவாகவே நீடிக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் இந்நூலகத்தில் 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட இசைக்குறிப்பேடுகள் இருந்தன.

எது பொது, எது பிறர் உரிமை?

இவ்வரலாறு உணர்த்தும் நெறி ஒன்றுண்டு: கொடுப்பது மட்டும் ஈகையாகாது; கொடுக்கும் உரிமை உள்ள பொருளைக் கொடுப்பதே ஈகை.

இந்தியாவில் இசை இயற்றியவரின் உரிமை, அவர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டில் சித்தி எய்தினார். அவர்தம் கீர்த்தனைகள் அனைவர்க்கும் பொது. ஆனால், அவற்றுக்கு அண்மையில் ஒருவர் எழுதிய விளக்கவுரை அவ்வாசிரியருக்கு உரியது. இன்று ஒருவர் அவற்றைப் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவில் பாடியவருக்கும், உடன் வாசித்தவருக்கும், பதிவு செய்து வெளியிட்டவருக்கும் உரிமை உண்டு. திருவிழாக் கச்சேரியைக் கைப்பேசியில் பதிவு செய்து இணையத்தில் இட விழைவோர், நாதசுரக் கலைஞரிடமும் தவில் கலைஞரிடமும் முன்னரே இசைவு பெறுதல் முறையாகும்.

உரிமை உடையவரே மனமுவந்து விட்டுக்கொடுத்த பெருமையும் தமிழகத்துக்கு உண்டு. மகாகவி பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டில் வெளியிடும் உரிமை ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் வசம் இருந்தது. அதனை அவர் பணம் பெறாமல் அரசிடம் ஒப்படைத்தார். 1949-ஆம் ஆண்டில் பாரதியாரின் படைப்புகள் நாட்டுடைமையாயின. எவரும் தடையின்றி அப்பாடல்களைப் பாட வழி பிறந்ததில் அந்த ஈகைக்கும் பங்குண்டு.

பகிர விரும்புவோர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பழைய நூலையோ ஒலிப்பதிவையோ சேர்க்கும் முன், இயற்றியவர் மறைந்த ஆண்டு, பதிப்பித்தவர், வெளியான ஆண்டு ஆகிய மூன்றையும் உறுதி செய்து உடன் எழுத வேண்டும். விவரமற்ற பதிவு பயன் குறைந்தது. பின்னர் ஐயத்திற்கும் இடம் தருவது.

2. தாமே இயற்றிய அல்லது பாடிய இசையை வழங்குவோர், ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ போன்ற பொது உரிம முறையின்கீழ் வழங்கலாம். பெயரைக் குறிப்பிட்டால் போதுமா, விற்பனைக்குப் பயன்படுத்தலாமா, மாற்றி அமைக்கலாமா என்பவற்றை வழங்குபவரே வரையறுக்க அம்முறை இடமளிக்கிறது.

3. இத்தகைய தளத்தைப் புதிதாக நிறுவுவோர்க்கு மென்பொருள் விலையின்றிக் கிடைக்கும். ஆனால், சர்வர் கணினிக்கும் இணைய முகவரிக்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு. அதற்கான வழியைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

4. சேர்த்தவற்றின் நகல்களை வேறு வேறு இடங்களில் காத்துவைக்க வேண்டும். நிர்வாகம் அறிந்தோர் ஒருவருக்கு மேற்பட்டு இருத்தல் நலம். ஒருவர் தோளில் மட்டும் நிற்கும் பணி, அவர் தளர்ந்தால் நின்றுவிடும்.

5. இசை பாடத் தெரியாதோரும் உதவலாம். பக்கங்களை ஒழுங்குபடுத்துதல், பெயர்ப் பிழை களைதல், பட்டியல் அமைத்தல் ஆகியனவும் இசைக்குச் செய்யும் தொண்டே.

வீட்டுப் பரணில் கிடக்கும் பாட்டனாரின் இசை நோட்டுப் புத்தகம், கரையானுக்கு இரையாகும் முன் ஒருவர் கையில் எடுத்துத் தூசி தட்டினால் போதும். அது யாருடையது என்று அறிந்து, உரியோர் இசைவுடன் பொதுவில் வைத்தால், முகம் அறியாத ஒரு பிள்ளை அதைப் பார்த்துப் பாடப் பழகும். ஒரு மாணவர் தொடங்கிப் பலர் தாங்கிய அந்நூலகம் உலகுக்குக் காட்டியதும் இதுவே. முறையறிந்து வழங்கப்பட்ட இசை அழிவதில்லை.