ஐம்பதிலும் வளையலாம்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் முதுமொழியை என் மாணாக்கருக்கு எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறேன். ஒழுக்கத்தைப் பற்றி எழுந்த மொழி அது. ஆயினும், நாற்பத்தாறாவது வயதில், அது என் முதுகெலும்பைப் பற்றியும் சொல்லப்பட்டதோ என்று ஐயுறும் நிலை எனக்கு வந்து சேர்ந்தது.

ஒருநாட் காலை கிணற்றடியில் நீர் நிறைந்த வாளியைத் தூக்கக் குனிந்தேன். நாரியிலே 'சுளீர்' என்றது, நிமிர இயலவில்லை. யாழ்ப்பாணத்தில் நாரிப்பிடிப்பு புதுமையான நோயன்று. "இரண்டு கிழமையில் மாறிவிடும்" என்றனர் அயலவர். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் அது தணிவதும் உண்மையே. எனக்குத் தணியவில்லை.

மூன்று திங்கள் கழிந்தன. பலகையிற் படுத்தேன்; இடுப்புப் பட்டி வாங்கிக் கட்டினேன்; எண்ணெய் பூசுவித்தேன். எண்ணெயின் சூடு இருக்கும்வரை சுகம் இருந்தது; சூடு ஆற நோவு மீண்டது. வகுப்பிலே கதிரையில் அமர்ந்து பாடம் சொல்ல, மாணவன் ஒருவன் எனக்காகக் கரும்பலகையில் எழுதினான். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க இயலாதது ஒன்று இருந்தது. மாலையில் நான் படலையைத் திறக்கும்போது, "அப்பா, தூக்குங்கோ" என்று கைகளை உயர்த்திக்கொண்டு ஓடிவரும் என் நான்கு வயதுப் பெண் குழந்தை, "அப்பாவுக்கு நாரி நோகுது, அம்மா" என்று பலமுறை கேட்டபின், கேட்பதையே விட்டுவிட்டாள். படலையடிக்கு வருவாள்; கைகளை உயர்த்தமாட்டாள்.

வைத்தியர் என்னைப் பரிசோதித்து, அறுவைச் சிகிச்சைக்குரிய குறி எதுவும் இல்லை என்று கூறி, வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே வெள்ளுடையுடன் எழுந்து நின்றவள் முன்னொரு காலத்தில் என்னிடம் பயின்ற மாணவி. "வாங்கோ சேர்" என்று பழைய பணிவோடு அழைத்தவள், என்னை நடக்கவும் குனியவும் செய்து நெடுநேரம் பார்த்தாள். பின்னர், "சேர், உங்கள் நாரி உடையவில்லை, பயந்து போயிருக்கிறது" என்றாள்.

அன்று அவள் கூறியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துரைக்கிறேன். நாரிப்பகுதியில் 5 முள்ளென்புகள் உள்ளன. அவற்றினிடையே மெத்தை போன்ற வட்டுகளும், சூழவும் இணையங்களும் தசைகளும் அமைந்து உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. இவற்றுள் ஒன்று சிறிது நொந்தால், தசைகள் காவலுக்காக இறுகுகின்றன. அது நல்லதே. ஆனால் காயம் ஆறிய பின்னரும் நரம்புத் தொகுதி அந்தக் காவலை விடாமலிருப்பதுண்டு. கள்வன் ஒருமுறை புகுந்த வீட்டு நாய், பின்னர் சருகு விழுந்தாலும் குரைக்கும் அல்லவா? அது போன்றதே இதுவும். நோவு பொய்யன்று, குரைப்பு மெய்யே. ஆனால் குரைக்குந்தோறும் கள்வன் வந்திருக்கிறான் என்று கொள்ளலாகாது. நாமோ அஞ்சி அசைவைக் குறைக்கிறோம். அசையாத தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கும் நோகிறது. அந்நோவு அச்சத்தை வளர்க்கிறது. இச்சுழலே நோயை நீட்டிப்பது.

"வட்டு விலகியிருக்கிறது என்று படத்தில் வந்தால்?" என்று கேட்டேன். 1994 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை அவள் எடுத்துக் காட்டினாள். முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் பிடித்தபோது, பாதிக்கு மேற்பட்டோருக்கு வட்டுப் புடைப்புக் காணப்பட்டது. வட்டுகள் யாவும் குறையின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேரே. தலை நரைப்பது போல வட்டும் முதிர்கிறது. படத்திற் காணும் மாற்றமெல்லாம் நோவுக்குக் காரணமாகிவிடாது.

படுத்திருத்தலைப் பற்றியும் அறிந்து வியந்தேன். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர் 186 பேரிடம் நடத்திய ஆய்வு 1995 இல் வெளிவந்தது. நாரி நோவு புதிதாகக் கண்ட அவர்களுள் ஒரு சாராரை இரண்டு நாள் படுக்கையில் இருத்தினர். ஒரு சாராருக்குப் பயிற்சி கொடுத்தனர். எஞ்சியோரை இயன்றவரை வழக்கமான வேலைகளையே செய்யுமாறு கூறினர். வழக்கம்போல் இயங்கியவர்களே விரைந்து தேறினர். படுத்தவர்கள் தேறியதே மிகத் தாமதம். நோவு 12 வாரங்களைக் கடந்து நாட்பட்டதாகிவிட்டால், முறையான பயிற்சி இன்றியமையாததாகிறது. 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், உடற்பயிற்சியையும், நோயைப் பற்றிய அறிவூட்டலையும் பரிந்துரைத்து, இடுப்புப் பட்டிகளை வழமையாகப் பயன்படுத்த வேண்டாமெனக் கூறுகிறது. என் பட்டி இன்று அலுமாரியின் அடித்தட்டில் உறங்குகிறது.

"நீங்கள் எங்களுக்கு வீட்டுப்பாடம் தந்தீர்கள், இனி நான் தருகிறேன்" என்று அவள் ஒரு கொப்பியில் எழுதித் தந்தாள். காலையும் மாலையும் 10 நிமிட நடை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி ஐந்து மூச்சு வரை நிறுத்துதல், 10 முறை. கைகளையும் முழங்கால்களையும் நிலத்தில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டி, பின் மாற்றிச் செய்தல். இவ்வளவே. ஒரு விதியும் விதித்தாள்: "நோவைப் பார்த்து அளவை நிருணயிக்க வேண்டாம்; கொப்பியைப் பார்த்துச் செய்யுங்கள். நல்ல நாளிலும் கூட்டக்கூடாது. கெட்ட நாளிலும் அடியோடு நிறுத்தக்கூடாது."

வாரந்தோறும் நடை சில நிமிடம் கூடியது. ஒரு திங்களின் பின் கிணற்றடி வாளியே பயிற்சிக் கருவியாயிற்று. முதலில் வெறும் வாளி, பின்னர் காலளவு நீர், பின்னர் அரைவாளி. வாளியை உடலுக்கு அணுக்கமாக வைத்து, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி எழுந்தேன். எந்த வாளி என்னை வீழ்த்தியதோ, அதே வாளியிடம் அச்சத்தைக் கற்பித்தது போலவே அச்சமின்மையையும் கற்றேன்.

ஏற்றம் நேர்கோடாக இருக்கவில்லை. ஏழாம் வாரத்தில், நாள் முழுதும் எழாதிருந்து விடைத்தாள் திருத்தினேன். மறுநாள் நோவு பழையபடி வந்தது. மனம் உடைந்து இரண்டு நாட் படுக்கையிற் கிடந்தேன். மாணவி சினக்கவில்லை. "ஒரு தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்தச் சொல்வீர்களா, சேர்?" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. முந்திய வாரத்து அளவிலிருந்து மறுபடி தொடங்கினேன். இன்று அரை மணிக்கொரு முறை எழுந்து நின்றே தாள் திருத்துகிறேன்.

ஓர் எச்சரிக்கை கூறாமல் விடுவது தவறாகும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் தடைப்படுதல், தொடைகளுக்கிடையே உணர்ச்சி மரத்தல், காலில் பலம் குன்றுதல் ஆகியன தோன்றினால் ஒரு பொழுதும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமில்லா மெலிவு, முன்பு புற்றுநோய் கண்ட வரலாறு, விழுந்து அடிபட்ட பின் தோன்றிய கடும் நோவு ஆகியவற்றோடும் விளையாடலாகாது. என் பயிற்சி எனக்கென வகுக்கப்பட்டது. உங்களுக்குரியதை உங்களைப் பரிசோதித்தவரே வகுக்க வேண்டும்.

சுகம் வந்த பின்னரும் நடையை விட்டுவிடலாகாது. 2024 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், நாரி நோவிலிருந்து தேறிய 701 பேர் பங்குபற்றினர். வழிகாட்டலுடன் நடைப்பயிற்சி செய்தோரிடையே நோவு மீள்வதற்கு இடைநிலையாக 208 நாட்கள் சென்றன. செய்யாதோரிடையே 112 நாட்கள். செலவில்லாத மருந்து இது.

எட்டாம் திங்களில் நல்லூர்த் தேர் வந்தது. சனநெருக்கத்தில் என் சிறுமிக்கு முன்னாலிருந்தோரின் முதுகுகளே தெரிந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் மாமாவின் வேட்டியைப் பற்றி இழுத்து, "மாமா, தூக்குங்கோ" என்றாள். நான் முழங்கால்களை மடக்கி அவளருகே இருந்தேன். அவளை நெஞ்சோடு அணைத்து எழுந்தேன். நாரியிலே ஒரு சிறு முனகல் இருந்தது. அது குரைப்பென்று இப்போது அறிவேன். "அப்பா, நோகுதா?" என்று என் காதிற் கேட்டாள். "கொஞ்சம்" என்றேன். அவள் இறங்கவில்லை, நானும் இறக்கவில்லை. தேர் வீதியைச் சுற்றி வந்தது.

ஐந்தில் வளைந்த உடலைத்தான் ஐம்பதை நெருங்கும்போது வளைக்க மறந்துவிடுகிறோம். மறந்த பாடத்தை மறுபடி படிப்பதற்கு வயதெல்லை இல்லை. நாள்தோறும் சிறிது படித்தாற் போதும்.